தானே நகர மனநல மருத்துவமனை வளாகத்தைப் புதிதாகக் கட்டினால் வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும்?

சயான் பையன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை கடைசி வருட மாணவன். பிறந்து வளர்ந்தது மும்பை சயான் கோலிவாடாவில். தீசிஸுக்கு, மும்பையை ஒட்டிய தானே நகரின் வட்டார மனநல மருத்துவமனை வளாகத்தை எடுத்திருக்கிறேன். 1901-இல் தொடங்கிய இடம், சுமார் 72 ஏக்கர், 1,850 படுக்கை. அதில் 14.83 ஏக்கர், தானேவுக்கும் முலுண்டுக்கும் நடுவில் வரவிருக்கும் புதிய ரயில் நிலையத்துக்குப் போகிறது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. மீதி இடத்தில், பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் மாதிரி புதிதாகக் கட்டுவது மாநில அரசின் திட்டம். நான் வரைவது வெறும் கல்லூரிப் பயிற்சி. அரசின் வரைபடத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

என் கைட், "மாடி ஏற்று, தரையை மிச்சப்படுத்து" என்றார். ஆகவே ஒன்பது மாடியில் இரண்டு கோபுரம், நடுவில் பெரிய தோட்டம் என்று போட்டேன். ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதிய ஆய்வு எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவர் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்பது அதன் சாரம். அதை நம்பி எல்லா ஜன்னலையும் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். முதல் ஜூரியில், அதாவது வரைபடத்தை மதிப்பிடும் குழுவில், ஒரு அம்மா வரைபடத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இந்த மாதிரி வார்டில் வேலை செய்த ஒருவரிடமாவது பேசினாயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதோடு முடிந்தது.

அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன். ஒன்பது மாடி சரியா? சுற்றுமதில் வேண்டுமா? ரயில் நிலையம் பக்கம் எதை வைப்பது? ஒவ்வொரு வார்டிலும் முரட்டுத்தனம் காட்டுபவர்களுக்கு என்று வெளியே தாழிடும் தனியறை நான்கு போட்டிருக்கிறேன், போதுமா? வார்டில் வேலை செய்தவர்களோ, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வருபவர்களோ இருந்தால் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

கோரேகாவ் கணக்கர்

தம்பி, தானே மாதிரி இடத்தில், அதுவும் வாசலிலேயே ஸ்டேஷன் வரப்போகிற இடத்தில், இத்தனை ஏக்கரை ஆஸ்பத்திரிக்கு வைத்திருப்பது நியாயமா? ஊரை விட்டுத் தள்ளி, கர்ஜத் பக்கம் கொண்டுபோனால் அவர்களுக்கும் நல்ல காற்று, அமைதி. இங்கே வீடு கட்டி விற்கிற பணத்தில் அங்கே இரண்டு மருத்துவமனை கட்டலாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

மாட்டுங்கா மாமா

கணக்கருக்கு ஒரு வார்த்தை. நான் நகரமைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

"ஊருக்கு வெளியே, நல்ல காற்று" என்பது புது யோசனை இல்லை. நூறு நூற்றைம்பது வருடம் முன்பு இப்படிப்பட்ட மருத்துவமனைகளை எல்லாம் அந்த யோசனையில்தான் கட்டினார்கள். சென்னையில் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனபோது அது தோப்பும் தோட்டமுமாக இருந்த புறநகர். பிறகு ஊர் வளர்ந்து வந்து மதிலில் இடிக்கிறது. உடனே "இன்னும் தள்ளிப் போ" என்கிறோம். கர்ஜத்துக்கும் ஒருநாள் ஊர் வந்து சேரும். அப்போது எங்கே அனுப்புவீர்கள்? மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிறவர் கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறார். அவருக்கு வாசலில் ஸ்டேஷன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

நிலத்தை விற்றுச் செலவைச் சரிக்கட்டுவது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. அதில் இரண்டு விதம் உண்டு. லண்டனில் 1851-இல் திறந்த கோல்னி ஹாட்ச் மருத்துவமனையை 1993-இல் மூடினார்கள். இன்று அது வசதியானவர்களின் அடுக்ககம், நோயாளிகள் இருந்த சுவடே இல்லை. அதே லண்டனில் டூட்டிங் பக்கம் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பழைய மருத்துவமனை. அங்கேயும் நிலத்தில் ஒரு பகுதியை வீடுகளுக்கு விற்றார்கள். ஆனால் அந்தப் பணம் அதே வளாகத்தில் புது வார்டுகளாகவும் எல்லோரும் நடமாடும் 32 ஏக்கர் பூங்காவாகவும் திரும்பி வந்தது. விற்பதைவிட, விற்ற பணம் எங்கே போகும் என்பதை முதலிலேயே எழுதி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் அந்தக் காகிதம் கடைசியில்தான் வரும், அல்லது வரவே வராது. அதனால் என் ஓட்டு, ஒரு ஏக்கரும் விற்காதே.

தம்பிக்கு: இத்தாலியில் திரியெஸ்தே என்ற ஊரைத் தேடிப் பார். ஃபிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் 1971-இல் அங்கே பொறுப்பேற்று, வாசலைத் திறந்துவிட்டார். இப்போது அந்த வளாகத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களும் ரோஜாத் தோட்டமும் சாப்பாட்டுக் கடையும் இருக்கின்றன. மதிலைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவுதான். வார்டுக்குள் என்ன என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முலுண்டு சிஸ்டர்

தம்பி, நான் நாகர்கோவில்காரி. 1986-இல் இந்தப் பக்கம் வந்தவள். ஓர் அரசு மனநல மருத்துவமனையில் 29 வருடம் நர்ஸாக இருந்தேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதே. கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

முதலில் அந்த நான்கு தனியறையையும் ரப்பர் வைத்து அழித்துவிடு. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆளைத் தனியாகப் பூட்டி வைப்பதை அடியோடு தடை செய்துவிட்டது. சங்கிலியும் கூடாது. உன் ஜூரியில் சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அந்த அறைகளுக்காகவே உன்னை வெளியே அனுப்பிவிடுவார். தனியாக இருக்க ஓர் இடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுபது பேர் ஒரே கூடத்தில் படுத்திருந்தால் யாருக்கும் தலை வெடிக்கும். சின்னதாக ஓர் அறை, ஒரு பாய், ஒரு ஜன்னல், கதவில் தாழ்ப்பாளே இல்லாமல் போடு. அவர்களே போவார்கள், அவர்களே வருவார்கள். சண்டையில் பாதி இடமில்லாமல் வருவது, நோயால் வருவது இல்லை. இது என் அனுபவம்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தாய்க்குச் சிகிச்சை நடக்கும்போது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. உன் வரைபடத்தில் தொட்டில் எங்கே? நிம்ஹான்ஸில் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே ஒரு பிரிவு இருக்கிறது. நிம்ஹான்ஸ் மாதிரி என்று சொல்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

இப்போது வார்டுக்குள் வா. எங்கள் வார்டில் நர்ஸ் உட்காரும் மேசைக்கு நேராக ஒரு தூண். அழகான தூண், யாரோ ஒரு பெரிய இன்ஜினியர் வைத்தது. அதற்குப் பின்னால் மூன்று கட்டில், மேசையிலிருந்து தெரியாது. இரவு டியூட்டியில் அறுபது பேருக்கு நாங்கள் இரண்டு பேர். அந்த மூன்று கட்டிலுக்காகவே ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து நடப்போம். முழங்கால் போனது அந்தத் தூணால்தான் என்று என் கூட்டாளி இன்றைக்கும் சொல்வாள். ஆகவே தம்பி, மேசையை வரைந்துவிட்டு அதில் உட்கார்ந்து பார். எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணு.

புதுக் குளியலறை கட்டின கதையைச் சொல்கிறேன். வெளியூர் ஆஸ்பத்திரியைப் பார்த்து வந்த யாரோ, கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாய் போட்டார்கள். பளபளவென்று இருந்தது. முதல் இரண்டு நாள் நிறைய பேர் அந்தப் பக்கமே போகவில்லை. யோசித்துப் பார், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று நம்புகிற ஒரு பெண் கிட்டே போனதும் குழாய் தானாகத் திறந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? ஒருத்தி என்னிடம் வந்து, "சிஸ்டர், அதுக்குத் தெரியுது" என்றாள். பிறகு பழைய திருகு குழாய் நான்கு வாங்கி வந்து பொருத்தினோம். இதே கதைதான் மினுக்கும் தரைக்கும். வயதானவர்கள் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் காலை வைக்கமாட்டார்கள். சொரசொரப்பான, வெளிச்சம் அடிக்காத தரை போடு. பார்க்க அழகாக இருக்காது. இருக்க வேண்டாம்.

ரயில் நிலையத்துக்கு வருகிறேன். இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஸ்டேஷன் என்றால் வண்டிச் சத்தம் என்று நினைப்பாய். வண்டிச் சத்தம் ஒன்றும் செய்யாது, பழகிவிடும். ஒலிபெருக்கிதான் ஆபத்து. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி நடுராத்திரி தாண்டியும், எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "கிருபயா த்யான் தீஜியே", தயவுசெய்து கவனியுங்கள் என்று. காதில் குரல் கேட்பதற்காகவே சிகிச்சைக்கு வந்திருப்பவருக்கு அந்தக் குரல் எப்படி இருக்கும்? டாக்டர் வந்து "குரல் கேட்கிறதா?" என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்? ஆமாம் என்றால் மாத்திரையைக் கூட்டுவார்கள், இல்லை என்றால் பொய். எங்கள் வார்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மே மாதம் முழுக்க மைக். அந்த மாதத்து ரெஜிஸ்டரை எடுத்தால் ராத்திரி ஊசி எவ்வளவு போனது என்று தெரியும்.

அதனால் ஸ்டேஷன் பக்கம் புறநோயாளிப் பிரிவையும் மருந்து கொடுக்கும் ஜன்னலையும் வை. வார்டுகளை எதிர்க் கோடிக்குத் தள்ளு. நடுவில் அலுவலகம், வகுப்பறை, சமையற்கூடம் என்று தடுப்பு மாதிரி நிற்கட்டும். வண்டியை விட்டு இறங்கியவர் நேராகப் புறநோயாளிப் பிரிவுக்குள் நடந்துவிட்டால், ஆட்டோக்காரரிடம் வழி கேட்க வேண்டாம். சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்று சொல்லிச் சிரிப்பது போலத்தான் இங்கே "தானே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மருந்தை நிறுத்தினவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்பது மாடி வேண்டாம். மேலிருந்து யாராவது விழுந்துவிடுவார்கள் என்று நீ நினைக்கிற காரணமும்தான், ஆனால் அது மட்டும் இல்லை. ஏழாவது மாடியில் இருப்பவர் கீழே வர வேண்டும் என்றால் லிஃப்டும், கூட வர ஓர் அட்டெண்டரும் வேண்டும். ஆள் இல்லாத நாளில் யாரும் கீழே வரமாட்டார்கள். வருடத்தில் பாதி நாள் ஆள் இருக்காது. உன் தோட்டம் அப்படியே பச்சையாக, யாரும் மிதிக்காமல், புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். உல்ரிச் சொன்ன மரம் நல்லதுதான். ஆனால் பித்தப்பை எடுத்தவர் சில நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே போய் உட்கார ஒரு மரம் வேண்டும். தரையோடு ஒரு மாடி, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொரு வார்டுக்கும் அதற்கென்று ஒரு முற்றம்.

தீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். அன்றைக்கு நான் டியூட்டியில் இருந்தேன். ரேடியோவில் கேட்டதும் எங்கள் வார்டுக் கதவைப் போய்ப் பார்த்தேன். மூன்று பூட்டு, மூன்று சாவி, அதில் ஒன்று டீ குடிக்கப் போன அட்டெண்டரின் இடுப்பில். உன் வரைபடத்தில் தீயணைப்புப் படிக்கட்டு இருக்கும், அது எனக்குத் தெரியும். அதன் கதவுச் சாவி ராத்திரி இரண்டு மணிக்கு யார் கையில் என்று எழுதியிருக்கிறாயா?

இனி மனிதர்களை இடம் மாற்றுவது. புதிதாகக் கட்டும்போது பழையதை இடிக்க வேண்டும், இருப்பவர்களை வேறு எங்காவது வைக்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் அதற்கு ஓர் அம்புக்குறி போடுவீர்கள். எங்கள் வார்டை ஒருமுறை பழுது பார்க்க என்று காலி செய்து, நாற்பது பெண்களை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். அதிக தூரம் இல்லை, மைதானத்துக்கு அந்தப் பக்கம். அதில் ஒருத்தி பதினெட்டு வருடமாக ஒரு பாதாம் மரத்தடியைப் பெருக்குவாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்வாள். காலையில் ஒரு தடவை, டீக்குப் பிறகு ஒரு தடவை. மாற்றின மறுநாள் துடைப்பத்தோடு கிரில் கிட்டே நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாள் சாப்பிடவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். நான் தலைமை சிஸ்டரிடம் சண்டை போட்டு, தினம் ஒரு மணி நேரம் அட்டெண்டரோடு அனுப்பினேன், சாப்பிட்டாள். ஒரு மாதம் ஆனதும் ஆள் பற்றாக்குறை என்று அதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பழைய இடத்துக்குத் திரும்பியபோது மரம் இல்லை. ஜல்லி லாரி திரும்ப இடைஞ்சலாக இருந்ததாம்.

அதனால் முதலில் புதிய வார்டு ஒன்றைக் காலி இடத்தில் கட்டு. ஆட்களை அங்கே ஒரே தடவை மாற்று, பிறகு பழையதை இடி. நடுவில் தற்காலிகம் என்று ஒன்று வைக்காதே. தற்காலிகம் எங்கள் துறையில் பத்து வருடம் நிற்கும். வளாகத்து மரங்களை எண்ணும்போது எந்த மரத்தடியில் யார் உட்காருகிறார்கள் என்றும் எழுது.

கடைசியாக, நீ கேட்காதது. 1,850 என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டில்களை எப்படி அடுக்குவது என்பதுதான் உன் முழு யோசனையும். மும்பைக்கு நாடு முழுக்க இருந்து ரயில் வருகிறது. மனநிலை குலைந்து எங்கோ ஏறியவர்கள், வண்டி இதற்கு மேல் போகாது என்பதால் இங்கே இறங்குகிறார்கள். 90களில் ஒரு நாள் தமிழ் தெரிந்தவள் என்று என்னைப் பக்கத்து வார்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண், ரெஜிஸ்டரில் பெயர் "அக்ஞாத்". பெயர் தெரியாதவள் என்று அர்த்தம். நான்கு வருடமாக அவள் பேசுவது நோயின் உளறல் என்று நினைத்திருந்தார்கள். அவள் பேசியது சுத்தமான திருநெல்வேலித் தமிழ். "எக்கா, இங்க ஆறு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். ஊரைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டோம். அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான், அழுதார். இரண்டு நாள் இருந்துவிட்டு, "வீட்டில் இடமில்லை சிஸ்டர், பொண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அப்போது நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரையைத் தானே எடுத்துப் போடுவாள், கணக்குப் பார்ப்பாள், எனக்கு மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்வாள். நான் ஓய்வு பெறும்போதும் அதே கட்டிலில்தான் இருந்தாள்.

குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்கிற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று இப்போது சட்டம் சொல்கிறது. சரி, எங்கே போவார்கள்? கர்ஜத்தில் டாக்டர் பரத் வட்வானியின் ஷ்ரத்தா அமைப்பு தெருவில் திரிபவர்களைக் குணப்படுத்தி ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கிறது. 2018-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கொண்டு சேர்க்க வீடே இல்லாதவர்களுக்குச் சென்னை பேன்யன் அமைப்பு நான்கைந்து பேரைச் சேர்த்து ஊருக்குள்ளேயே சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்கிறது, உதவிக்கு ஓர் ஆளோடு. அவர்களே சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள்.

நீ வரைய வேண்டியது அதுதான். மதிலுக்கு வெளியே, தெருவைப் பார்த்த வாசலோடு, சின்ன வீடுகள். சமையலறை இருக்கட்டும். கதவு எண் இருக்கட்டும். ஆதார் அட்டைக்கு விலாசம் கேட்டால் மருத்துவமனை என்று எழுதாமல் அந்த எண்ணை எழுத முடிய வேண்டும். எத்தனை வீடு என்று கேட்பாய். ஒவ்வொரு வார்டு சிஸ்டரிடமும் போய், "இங்கே நோயால் இருப்பவர் எத்தனை, போக இடமில்லாமல் இருப்பவர் எத்தனை?" என்று கேள். அவர்களுக்கு ரெஜிஸ்டர் பார்க்காமலே தெரியும். பிறகு உட்கார்ந்து எத்தனை படுக்கை வேண்டும் என்று கணக்குப் போடு.

செம்பூர் அப்பா

சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மகனுக்கு 19 வயதில் நோய் வந்தது, இப்போது 31. நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் தம்பி. கூட வருகிறவர்களுக்கு ஓர் இடம் வை.

ஒருமுறை அவனைச் சேர்த்திருந்த இடத்தில் நான் ஒன்பது இரவு நடைபாதையில் செய்தித்தாள் விரித்துப் படுத்தேன். கழிப்பறை வேண்டுமென்றால் எதிரே இருந்த ஓட்டலுக்குப் போக வேண்டும். மருத்துவமனைப் பெயர் வேண்டாம், அவர்கள் வைத்தியம் நன்றாகத்தான் பார்த்தார்கள். பிறகு ஓர் உறவினர் சொல்லி வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனோம். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1950களின் இறுதியிலிருந்தே அப்படித்தானாம். அதற்கும் முன்பு அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார். கட்டடம் இல்லை என்று கைவிரிக்காமல் கூடாரம் போட்டாரே, அந்த மனசு.

அங்கேதான் என் மனைவி, அவனிடம் எதைச் சொல்லக் கூடாது, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டாள். ஒரு ஸ்டவ், ஒரு கயிற்றுக்கொடி, இரண்டு கட்டில் இருந்த அறை. அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம்.

டெய்ரி சர்க்கிள்

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். நிம்ஹான்ஸுக்குப் பக்கத்தில்தான் வீடு. "நிம்ஹான்ஸ் மாதிரி" என்று எல்லா மாநிலத்திலும் சொல்கிறார்கள். வந்து பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், கட்டடங்கள் ஒன்றும் பிரமாதம் இல்லை. இங்கே 1847-இல் ஆரம்பித்த பழைய மனநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. 1954-இல் அதோடு ஒரு பயிற்சி நிலையம் வந்தது. 1974-இல் இரண்டையும் சேர்த்ததுதான் நிம்ஹான்ஸ். டாக்டர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் படித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். ஆகவே நோயாளிக்கு எப்போதும் ஆள் இருக்கும். ஹாஸ்டலையும் வகுப்பறையையும் மறந்துவிட்டு வார்டை மட்டும் நகல் எடுத்தால் வெறும் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பதிவேடுகளும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். தானேவிலும் 120 வருடத்துக் காகிதம் இருக்குமே. இடிக்கும்போது அதை எடைக்குப் போட்டுவிடாமல் ஓர் அறை ஒதுக்குங்கள்.

கோரேகாவ் கணக்கர்

சிஸ்டர் எழுதியதைப் படித்தேன். கர்ஜத் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஒன்பது மாடி வேண்டாம் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. நர்ஸ்களுக்கும் மாணவர்களுக்கும் குடியிருப்பு மாடியில் இருக்கலாமே?

முலுண்டு சிஸ்டர்

இருக்கலாம். எங்களுக்கு லிஃப்ட் ஓட்ட ஆள் தேவையில்லை. வேலை செய்தால் போதும்.

சயான் பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கோபுரம் இரண்டையும் அழித்துவிட்டேன். கைட் என்ன சொல்வாரோ தெரியாது. ஸ்டேஷன் பக்கம் புறநோயாளிப் பிரிவு, அதற்குப் பின்னால் அலுவலகமும் ஹாஸ்டலும், அதற்கும் பின்னால் முற்றம் வைத்த வார்டுகள். தாய் சேய் அறையும், கூட வருபவர்களுக்கு ஸ்டவ் வைத்த அறைகளும் போட்டிருக்கிறேன். தெருவைப் பார்த்த வீடுகளுக்குக் கிழக்கு மதிலை ஒட்டி இடம் விட்டிருக்கிறேன். எத்தனை என்று இன்னும் எழுதவில்லை. வார்டு சிஸ்டர்களிடம் பேச அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டர், ஒரு சின்னச் சந்தேகம். வார்டு ஜன்னலின் அடிக்கட்டை எவ்வளவு உயரம் வைக்கலாம்? புத்தகத்தில் 90 சென்டிமீட்டர் என்று இருக்கிறது.

முலுண்டு சிஸ்டர்

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கட்டிலில் உட்கார். அங்கிருந்து தரை தெரிய வேண்டும், வானம் மட்டும் போதாது. எங்கள் வார்டில் நின்றால்தான் வெளியே தெரியும், அதனால் எல்லோரும் நாள் முழுக்க ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டே இருப்பார்கள். பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் "ஏன் எல்லோரும் நிற்கிறார்கள், இது நோயா?" என்று கேட்டார். 50, 60 சென்டிமீட்டர் வை. அடிக்கட்டையை அகலமாகக் கட்டினால் அதிலேயே உட்கார்ந்துகொள்வார்கள்.

விண்ணப்பத்தில் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணி என்று நேரம் போட்டுக் கேள். காலையில் போனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

சயான் பையன்

சரி சிஸ்டர். 55 வைத்திருக்கிறேன். தூண்களையும் மறுபடி பார்க்கிறேன். மேசைக்கு முன்னால் ஒன்று வருகிறது.